சாயங்காலம் ஐந்து மணி ஆனாலே பயமாக இருக்கிறது

பொருநைக்கரை (திருநெல்வேலி)

வணக்கம். இரண்டு வருடமாக இந்த இணைய மன்றத்தில் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. அல்சைமர் என்கிற மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. என்னோடுதான் இருக்கிறார். கணவர் காலையில் எட்டு மணிக்குப் போனால் இரவு எட்டாகும். மகள் பிளஸ் டூ. அண்ணன் பெங்களூரில் இருக்கிறான். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை போனும் வரும்.

பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கும். ஒரு மஞ்சப்பையில் துண்டு, சீப்பு, காலியான மாத்திரை அட்டை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "ஏட்டி, கதவத் தெற. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போணும். எங்க அம்மா தேடுவா." பாட்டி இறந்து 40 வருடம் ஆகிறது. இதுதாம்மா உன் வீடு என்று நான் சொல்ல, இல்லை என்று அவர் சொல்ல, ஏழரை மணி வரைக்கும் இதே பேச்சு. நடுவில் அப்பாவைக் கேட்பார். அப்பா தவறி 11 வருடம் ஆகிவிட்டது என்று சொன்னதும், அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் அழுவார்.

போன செவ்வாய்க்கிழமை என்னால் முடியவில்லை. கேட்டைப் பிடித்திருந்த கையைப் பிடுங்கி இழுத்துவிட்டேன். கண்ணாடி வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறிவிட்டது. மெல்லிய கோடாக ரத்தம். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "நீங்க யாரு? எதுக்கு என்னைய அடிக்கிய?"

என்னை 'நீங்க' என்று சொன்னார். பத்து நிமிடத்தில் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு "சாப்பிட்டியா" என்றார். என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ராத்திரி நான்கு தடவையாவது எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டில் ருசி தெரியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன், மகளுக்குக் கேட்கக்கூடாது என்று. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இந்த வருடம் தேர் ஓடி முடிந்த மறுநாள்தான் நினைவே வந்தது. காலையில் கண் விழிக்கும்போதே ஏன் விழித்தோம் என்று இருக்கிறது.

இதே நிலையில் இருப்பவர்கள் மனதை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? தியானம் செய், நேர்மறையாக யோசி என்று மட்டும் சொல்லவேண்டாம். உட்கார எனக்கு நேரமே இல்லை.

வெள்ளை உடுப்பு (மதுரை)

தங்கச்சி, அரசு மருத்துவமனையில் 31 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்கிறேன். இந்தச் சாயங்காலக் குழப்பம் எப்போதுமே இவ்வளவு இருந்ததா, இல்லை கொஞ்ச நாளாகத் திடீரென்று கூடியதா?

கூடியதென்றால் நாளைக்கே யூரின் டெஸ்ட் எடுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீரில் தொற்று வந்தால் காய்ச்சலோ கடுப்போ இல்லாமலும் இருக்கலாம். சிலருக்குக் குழப்பம்தான் முதலில் தெரியும். மலச்சிக்கல், உடம்பில் நீர் குறைவது, எங்கேயாவது வலி இருந்து சொல்லத் தெரியாமல் இருப்பது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவற்றாலும் அப்படி ஆகும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் அழுதுகொண்டிருப்பார்கள், ஐந்து நாள் மருந்தில் பாதி தணிந்துவிடும். எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வீட்டில் செய்ய வேண்டியது. நாலரை மணிக்கே எல்லா லைட்டையும் போட்டுவிடுங்கள். மங்கலான வெளிச்சமும் நிழலும் அவர்களைப் பயமுறுத்தும். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினால் அரை மணியாகக் குறையுங்கள், ராத்திரித் தூக்கம் கொஞ்சம் கூடும். மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். இருட்டிய பிறகு நிலைக்கண்ணாடி மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். தன் முகத்தையே யாரோ என்று நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு.

அப்பா இறந்த செய்தியை இனிமேல் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு. "அப்பா எப்ப வருவார்" என்றால், "வரும்போது உனக்கு என்னம்மா வாங்கிட்டு வருவார்" என்று கேளுங்கள். அவர் அல்வா கதையையோ பூ கதையையோ சொல்லத் தொடங்குவார். இது பொய் சொல்வது ஆகாது. அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய்ப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு முப்பது வாக்குவாதம் குறைந்தால் உங்கள் தலைக்கு எவ்வளவு ஓய்வு என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி, நேராகவே கேட்கிறேன். ஏன் விழித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நிமிடமே 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ், மனநல உதவிக்காக 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்கச் சேவை. காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

பொருநைக்கரை

அக்கா, கூடியது இரண்டு வாரமாகத்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. நாளைக்குக் காலையிலேயே எடுத்துவிடுகிறேன்.

சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் தூங்கினால் அப்படியே எழுந்திருக்காமல் இருந்தால் நல்லது என்று இரண்டு நாள் தோன்றியது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளை உடுப்பு (மதுரை)

சொன்னது நல்லது. இதே வார்த்தையில் ஒரு டாக்டரிடமும் சொல்லவேண்டும், இந்த வாரத்துக்குள். மாற்றிச் சொல்லாதீர்கள், "கொஞ்சம் டயர்டா இருக்கு" என்று குறைத்தும் சொல்லாதீர்கள். இன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

காந்திபுரம்65 (கோவை)

அம்மணி, என் மனைவிக்கு இதே நோய். ஏழு வருடம் நான்தான் பார்த்தேன். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

நானும் ஒரு தடவை கை ஓங்கிவிட்டேன். சோற்றுத் தட்டை மூன்றாவது முறையாகத் தட்டிவிட்டபோது. அடி விழவில்லை. ஆனால் அவள் தலையைக் குனிந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். கல்யாணமாகி 38 வருடத்தில் என்னைப் பார்த்து அவள் அப்படிக் குனிந்ததே இல்லை. அன்றைக்கு முழுக்க நான் மனுஷனே இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனபோது அவர் என்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டார், "நீங்க எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" நான் பதில் சொல்லாமல் அழுதுவிட்டேன். 22 கேள்வி இருக்கிற ஒரு தாளைக் கொடுத்தார். பார்த்துக்கொள்கிறவர்களின் சுமையை அளப்பதற்கென்றே சாரிட் என்பவரும் கூட இருந்தவர்களும் உருவாக்கியதாம். உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, நோயாளி பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, இப்படிப் போகும் கேள்விகள். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. கோபம் வருவதைக் கேள்வியாக அச்சடித்தே வைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு மட்டும் வருவதில்லை, நான் மட்டும் கெட்டவன் இல்லை. அதற்கப்புறம் அவளுக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு என்று இரண்டு எழுதினார்.

மன அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. முதல் வாரம் வயிற்றைப் பிரட்டியது, வேறு ஒன்றும் தெரியவில்லை. நான்காவது வாரம் வாக்கில் ஒரு நாள் காலையில் காபி குடிக்கும்போது காபி நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அது ஒரு வருடமாக எனக்குத் தோன்றாத ஒன்று. நன்றாகிவிட்டது என்று நானாக நிறுத்தப் பார்த்தேன், தலை சுற்றலும் பதற்றமும் வந்தன. டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தினேன். நீங்களும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கோபம் வரும்போது நான் செய்தது: கேட் பூட்டு, கேஸ் வால்வு, குளியலறை விளக்கு, மூன்றையும் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். பத்து நிமிடம். அவள் கத்தினாலும் பத்து நிமிடம். தொட்டியில் முகத்தைக் கழுவிவிட்டு இறங்குவேன். கீழே வரும்போது அவள் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எனக்குக் கை ஓங்காமல் இருக்க அதுதான் உதவியது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் (தஞ்சாவூர்)

எல்லோரும் மருந்து, டாக்டர் என்றே எழுதுகிறீர்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். என் தாயார் என் பாட்டியைப் படுக்கையிலேயே ஒன்பது வருடம் வைத்துப் பார்த்தார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பெற்றவளைப் பார்ப்பதைச் சுமை என்று அளந்து பார்க்கத் தொடங்கினால் நாளைக்கு நம் பிள்ளைகள் நம்மை என்ன செய்வார்கள்? பொறுமை பழகினால் வரும்.

மருதாணி (சென்னை)

ஐயா, மரியாதையோடே கேட்கிறேன். அந்த ஒன்பது வருடமும் உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள்? சித்தி, பெரியம்மா, அத்தை என்று யாராவது ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் துணி துவைக்க, இன்னொருவர் பாட்டி பக்கத்தில் உட்கார என்று இருந்திருப்பார்களே? இந்த அக்கா வீட்டில் பகலில் இரண்டே பேர், அவர் ஒருவர், நோயாளி ஒருவர். அவரிடம் பொறுமை இல்லாமல் இல்லை. பொறுமையைப் பங்கு போட்டுக்கொள்ள ஆள் இல்லை.

என் மாமியாருக்கு ஐந்து வருடமாக இந்த நோய். பொருநைக்கரை அக்கா, எனக்கு உதவியதைச் சொல்கிறேன். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தில் மறதி நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்கிறவர்களோடும் உட்கார்ந்து பேசுவார்கள். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ என்ற அல்சைமர் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு. உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைக்காக அம்மாவை இழுத்துக்கொண்டு அலைகிறீர்கள் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருவார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். முதியோர் விஷயம் எதுவானாலும் 14567 என்ற எல்டர் லைன் இருக்கிறது.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவியது பக்கத்து வீட்டு அக்காதான். செவ்வாயும் வெள்ளியும் நான்கிலிருந்து ஐந்தரை வரை அவர் அத்தையோடு உட்கார்ந்து பூ கட்டுவார். அத்தைக்கு என் பெயர் தெரியாது, ஆனால் விரல் மட்டும் மறக்கவில்லை, சரம் சரமாகக் கட்டுவார். அந்த ஒன்றரை மணி நேரம் நான் வீட்டு வேலை எதையும் செய்வதில்லை. வெளியே போய்விடுவேன். பூங்காவில் வெறுமனே உட்கார்ந்திருப்பேன். ஆரம்பத்தில் உட்காரவே முடியவில்லை, அங்கே என்ன ஆச்சோ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

அந்த அக்காவிடம் உதவி கேட்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. கேட்டதும் அவர் சொன்னது: "நீ எப்ப கேப்பேன்னு பாத்துட்டிருந்தேன்."

இளவேனில்

நான் கல்லூரியில் படிக்கிறேன். என் அம்மா ஆச்சியை நான்கு வருடம் பார்த்தாங்க. அம்மா குழாய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுவது எனக்குக் கேட்கும். எல்லா நாளும் கேட்டது. என்னால்தான் அழுகிறாங்களோ என்று ரொம்ப நாள் நினைத்தேன். அத்தை, உங்கள் மகளிடம் சொல்லிவிடுங்கள். அவளுக்குக் கண்டிப்பாகத் தெரியும், காரணம்தான் தெரியாது.

நெடுவழி (பெங்களூர்)

நான் இந்த இழையில் வருகிற அண்ணன் இல்லை. ஆனால் இன்னொரு வீட்டின் அதே அண்ணன். சேலத்தில் என் தங்கைதான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். பணம் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். பேசும்போது "அப்பாவ வாக்கிங் கூட்டிட்டுப் போறியா, அந்த மாத்திரை ஒத்துக்கலைன்னா வேற டாக்டரப் பாரேன்" என்று யோசனை சொல்வேன். போன வருடம் ஒரு நாள் அவள், "நீ ஒரு வாரம் வந்து இருந்துட்டு அப்புறம் யோசனை சொல்லுண்ணா" என்றாள். ரொம்பக் கோபம் வந்தது. இரண்டு மாதம் பேசவில்லை.

அப்புறம் போனேன். முதல் ராத்திரி அப்பா ஆறு தடவை எழுந்தார். மூன்றாவது ராத்திரி அவரைக் கத்திவிட்டேன். மூன்றே ராத்திரி! என் தங்கை நான்கு வருடமாக அங்கே இருக்கிறாள்.

இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறோம். டயப்பர், மருந்து, டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட், இன்சூரன்ஸ் எல்லாம் இங்கிருந்தபடியே என் பொறுப்பு. அவள் ஒரு போன்கூடச் செய்ய வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று ராத்திரிக்கு ஒரு ஹோம் நர்ஸ் வருகிறார், சம்பளம் என்னுடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் லீவு போட்டு நான் போகிறேன், அவள் வெளியூர் போய்விடுகிறாள்.

சகோதரி, உங்கள் அண்ணனுக்கு இந்த இழையை அப்படியே அனுப்புங்கள். "கஷ்டமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் எங்களுக்குப் புரியாது. தேதி போட்டுக் கேளுங்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை நீ வா என்று கேட்டால் எங்களுக்குத் தப்பிக்க வழி இருக்காது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் (தஞ்சாவூர்)

மருதாணி அம்மா கேட்டதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்போது பதினோரு பேர். பாட்டிக்குத் துணி மாற்றுவது சித்தியின் வேலை, ராத்திரி பக்கத்தில் படுப்பது அத்தை. ஊரில் இருக்கும் என் அக்காவிடம் பேசினேன். அம்மா பின்கட்டில் மாட்டுத் தொழுவத்தில் உட்கார்ந்து அழுவாராம். அக்கா பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. பொறுமை பழகினால் வரும் என்று எழுதியதற்கு வருந்துகிறேன், மகளே.

பொருநைக்கரை

மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

வெள்ளை உடுப்பு அக்கா, யூரினில் தொற்று இருந்தது. மருந்து முடிந்ததும் அம்மா, குழப்பம் கூடுவதற்கு முன்பிருந்த நிலைக்கு வந்துவிட்டார். மஞ்சப்பை இன்னும் உண்டு, ஆனால் அரை மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அப்பாவைப் பற்றிக் கேட்டால் நான் இப்போது "என்ன வாங்கிட்டு வருவார்" என்றுதான் கேட்கிறேன். முதல் நாள் அம்மா வெட்கப்பட்டார். "அவியளுக்கு நான் தாழம்பூ வச்சாப் பிடிக்கும்" என்றார். 46 வருடத்தில் எனக்கு இது தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனேன். கணவர் லீவு போட்டுக் கூட வந்தார். எழுந்திருக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்ததை அதே வார்த்தையில் சொன்னேன். டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். தைராய்டும் ரத்த அளவும் பார்க்கச் சொன்னார், இதுவும் சோர்வுக்குக் காரணமாக இருக்கலாமாம். மாத்திரை தொடங்கி 12 நாள் ஆகிறது. பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, முதல் நாலைந்து நாள் குமட்டல் இருந்தது. காந்திபுரம் அண்ணாச்சி நான்காவது வாரம் என்று எழுதியிருப்பதால் காத்திருக்கிறேன்.

மகளிடம் பேசினேன். அவளுக்குக் கேட்டிருக்கிறது. இளவேனில், நீ நன்றாக இருக்க வேண்டும், தங்கம்.

அண்ணனுக்கு இந்த இழையை அனுப்பி, பத்து நாளுக்குத் தேதி போட்டுக் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் ரயில் டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

வந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்றுச் சாயங்காலம் நாலரைக்கு நீ போ என்று என்னைக் கிளப்பிவிட்டான். குறுக்குத்துறைக்குப் போய்ப் படித்துறையில் உட்கார்ந்தேன். ஆற்றில் தண்ணீர் நன்றாக இருந்தது. காலை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்திருப்பேன். எதையும் யோசித்ததாக நினைவில்லை.

திரும்பி வரும்போது தெருமுனையில் இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். கேட்டில் நின்று அழைத்த அம்மாவோடு வாக்குவாதம் செய்யாமல், "வாம்மா போவோம்" என்று மஞ்சப்பையையும் வாங்கிக்கொண்டு அண்ணன் கிளம்பியிருக்கிறான். இரண்டு தெரு சுற்றிவிட்டு எங்கள் வாசலுக்கே கூட்டி வந்து, "வீடு வந்துட்டும்மா" என்றானாம். அம்மாவும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் காபி கொடுக்கும்போது அண்ணனைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பையன்தான் கொண்டுவந்து விட்டான். யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும். ஒரு காபி அவனுக்கும் குடு ஏட்டி."

அண்ணன் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். இன்று சாயங்காலமும் அவன் முறைதான். பக்கத்து வீட்டு மதினியிடம், அவன் ஊருக்குப் போன பிறகு புதன்கிழமை மட்டும் வர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.